விளிம்பில் எழுதிய பெயர்: இந்தியப் படைப் பதக்கங்களில் மொழியும் பெயரெழுத்தும்

0. முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, காசு ஆகிய மூன்றும் தமிழக வரலாற்றாய்வில் நெடுங்காலமாகச் சான்றுகளாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றோடு உறவுடையதாயினும் மொழியியலாரின் கவனத்தை அதிகம் பெறாத மற்றொரு சான்று படைப் பதக்கம் ஆகும். அது காசைப் போல உலோகத்தில் அச்சிடப்படுவது. கல்வெட்டைப் போல எழுத்துத் தாங்குவது. செப்பேட்டைப் போல இன்னாருக்கு உரியது என்று வழங்கப்படுவது.

பதக்கங்களைச் சேகரிப்போர் அவற்றின் உலோகம், நாடா, அரிய தன்மை, விலைமதிப்பு ஆகியவற்றையே பெரிதும் நோக்குவர். படை வரலாற்று ஆசிரியர் போர்க்களத்தையும் படைப்பிரிவையும் நோக்குவர். பதக்கத்தில் உள்ள எழுத்து எந்த மொழியில் உள்ளது, யாரை நோக்கிப் பேசுகிறது, பெற்றவரின் பெயரை எவ்வாறு எழுதுகிறது என்னும் வினாக்கள் மொழியறிவு உடையோர்க்கு உரியவை. ஒரு பதக்கத்தில் இருவகைப் பனுவல்கள் உள்ளன. முகப்பிலும் பின்புறத்திலும் உள்ள எழுத்து அளித்தவரின் கூற்று. விளிம்பில் உள்ள எழுத்து பெற்றவரின் பெயர். 1784 முதல் இன்று வரை இந்தியப் படைவீரர் பெற்ற பதக்கங்களை இவ்விரு நோக்கில் ஆராயும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. பாரசீகம், ஆங்கிலம், இலத்தீன், நாகரி எழுத்தில் அமைந்த இந்தி ஆகியன முகப்பிலும் பின்புறத்திலும் மாறிமாறி இடம்பெற்றன. தென்னாட்டு வீரனின் தாய்மொழி பதக்கத்தில் நுழைந்த ஒரே வழி விளிம்பில் உள்ள அவனது பெயரேயாகும். அதுவும் பிறமொழி எழுத்தில், எழுத்தரின் செவிவழி நுழைந்தது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பாரசீகம் பொறித்த பதக்கங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் படைவீரர்க்கு வழங்கிய போர்ப் பதக்கங்களுள் முதலாவது 1784ஆம் ஆண்டைத் தாங்கிய தக்காணப் பதக்கம். இதன் முகப்பில் பிரிட்டானியா என்னும் பெண்ணுருவம் வெற்றி மாலையை நீட்டி அமர்ந்திருக்கிறது. பின்புறம் முழுவதும் பாரசீகம். இந்துஸ்தானத்திலிருந்து தக்காணம் வரை ஆங்கிலேயரின் பெயரை உயர்த்திய வீரரின் பணிக்கு நினைவாகக் கல்கத்தா அரசு அளித்தது என்பது அதன் கருத்து. ஹிஜ்ரி 1199, கிறித்து ஆண்டு 1784 என்னும் இரு ஆண்டுகளும் அதில் உள்ளன. 1791-92 மைசூர்ப் போருக்கான பதக்கத்தில் சிப்பாயின் உருவமே முகப்பில் இடம்பெற்றது. அதன் பின்புறத்தில் நடுவே ஆங்கிலமும் சுற்றிலும் பாரசீகமும் அமைந்தன. 1795-96இல் இலங்கையில் பணியாற்றியோர்க்கான பதக்கத்தில் ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் பாரசீகமும் உள்ளன. தமிழும் சிங்களமும் வழங்கிய ஒரு தீவில் ஆற்றிய பணி பாரசீக மொழியில் போற்றப்பட்டது.

இதற்குக் காரணம் உண்டு. மேற்கூறிய மூன்று பதக்கங்களும் வங்காளப் படையினர்க்கு வழங்கப்பட்டவை. பாரசீகம் அப்போது கம்பெனியின் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் வழங்கிய மொழி. எனினும் அதனைச் சிப்பாயின் தாய்மொழி என்று கொள்ள இயலாது. ஆட்சி மாறியும் அரசின் குரல் முகலாய மரபில் ஒலிக்க வேண்டும் என்னும் கருத்தே இத்தேர்வில் வெளிப்படுகிறது. சிப்பாய்க்கு அது தன் மொழியன்று; ஆயினும் அரசு பேசும் மொழி என்று அவன் அறிந்திருந்த மொழி.

இவ்வகையில் மிகுந்த ஆய்வுக்குரியது ஸ்ரீரங்கப்பட்டினப் பதக்கம். 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்த போரின் நினைவாக இப்பதக்கத்தைக் குஃக்ளர் என்னும் கலைஞர் வடிவமைத்தார். பர்மிங்காமில் இருந்த சோஹோ அக்கசாலையில் அச்சிடப்பட்டது. பொன், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என ஐவகை உலோகங்களில், பெறுவோரின் பதவிக்கு ஏற்ப அது வழங்கப்பட்டது. சிப்பாய்க்கு உரியது வெள்ளீயம். சென்னைப் படையினரும் பெருந்தொகையாக இதனைப் பெற்றனர்.

முகப்பில் ஆங்கிலேயரின் சிங்கம் திப்புவின் புலியை வீழ்த்துகிறது. மேலே பறக்கும் கொடியில் 'அசதுல்லாஹுல் காலிப்' என்னும் அரபுத் தொடர் உள்ளது. 'இறைவனின் சிங்கமே வெல்வது' என்பது அதன் பொருள். 'இறைவனின் சிங்கம்' என்பது இசுலாமிய மரபில் அலீ அவர்களுக்கு உரிய சிறப்புப் பெயர். திப்பு இதே தொடரைப் புலிமுக வடிவில் பின்னி எழுதச் செய்து தம் படைக்கலங்களில் பொறித்திருந்தார். தோற்றவரின் முத்திரைத் தொடரை வென்றவர் தம் சிங்கத்துக்கு உரியதாக்கிக் கொண்டதை இங்குக் காண்கிறோம். பின்புறத்தின் அடியில் உள்ள பாரசீகத் தொடர் கோட்டையை இறைவனின் கொடை என்கிறது. திப்புவின் அரசும் 'இறைவன் அளித்த அரசு' என்னும் பொருளில் 'சர்க்காரே குதாதாத்' என்றே தன்னை அழைத்துக்கொண்டது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது ஒரு நல்ல பாடம். சொல் மாறவில்லை, சொல்லுக்கு உரியவர் மாறியுள்ளனர். மேலும், பாரசீகத்தில் சிங்கத்தைக் குறிக்கும் 'ஷேர்' இந்துஸ்தானியில் புலியையே பெரிதும் குறிக்கும். சிங்கமும் புலியும் ஒரே சொல்லில் அடங்கும் மொழிச் சூழலில் திப்புவின் புலிமுகத்துக்குள் 'சிங்கம்' என்ற அரபுச் சொல் இருப்பது முரணாகத் தோன்றியிராது. இரண்டையும் தெளிவாக வேறுபடுத்தும் தமிழிலோ ஆங்கிலத்திலோ இதனை மொழிபெயர்ப்பவர் இச்செய்தியை விளக்காமல் விட்டால் பதக்கத்தின் கூற்றுப் பாதியளவே விளங்கும்.

1824-26 பர்மியப் போருக்கான பதக்கத்தில் ஆவாவின் யானை இங்கிலாந்தின் சிங்கத்தின்முன் பணிந்து நிற்கிறது. அதிலும் பாரசீகமே பொறிக்கப்பட்டது. சென்னைப் படையினர் பெருமளவில் பங்கேற்ற போர் அது. தமிழும் தெலுங்கும் பேசிய பல்லாயிரவர் பாரசீகம் பொறித்த பதக்கத்தை அணிந்தனர். இக்காலப் பதக்கங்களுக்கு மற்றொரு பொதுப்பண்பும் உண்டு. அவற்றின் விளிம்பில் பெற்றவரின் பெயர் அதிகாரமுறையில் பொறிக்கப்படவில்லை. பதக்கம் படையைப் போற்றியது. தனியொருவனைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை.

2. ஆங்கிலமும் இலத்தீனும்

1837ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டின் 29ஆம் சட்டம் நீதிமன்ற, வருவாய் நடவடிக்கைகளில் பாரசீகத்தைக் கைவிட வழி செய்தது. அதே ஆண்டு இந்திய வீரர்க்கென 'ஆர்டர் ஆஃப் மெரிட்' என்னும் சிறப்பைக் கம்பெனி ஏற்படுத்தியது. 1856இல் தோன்றிய விக்டோரியா கிராஸுக்கு இது 19 ஆண்டுகள் மூத்தது. எட்டுமுனை விண்மீன் வடிவில் அமைந்த அதன் நடுவில் 'வீரத்தின் பரிசு' என்னும் பொருளில் ஆங்கிலத் தொடரே இடம்பெற்றது. இச்சிறப்பு மூன்று வகுப்புகளை உடையது. பெற்றவர்க்கு ஊதிய உயர்வும் உண்டு. மூன்றாம் வகுப்புக்கு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் வகுப்புக்கு மூன்றில் இரு பங்கு, முதல் வகுப்புக்கு முழு ஊதிய அளவு கூடுதலாகக் கிடைத்தது. 1911இல் விக்டோரியா கிராஸ் இந்தியர்க்கும் உரியதாக்கப்பட்டபின் இதன் முதல் வகுப்பு நீக்கப்பட்டது.

இதனை அடுத்து வந்த பதக்கங்களில் அரசியின் பெயர் இலத்தீன் வடிவில் இடம்பெற்றது. 1842ஆம் ஆண்டின் சீனப் போர்ப் பதக்கத்தில் 'படைக்கலங்களால் அமைதியைக் கோருதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரும் உண்டு. அப்போரில் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் பல பங்கேற்றன. அலுவல் மொழி என்றும் சொல்ல இயலாத, ஆங்கிலச் சிப்பாயும் அறியாத ஒரு மொழி அதனைப் பெற்றவரின் மார்பில் இடம்பெற்றது.

இதற்குப்பின் வந்த 'கைஸரே ஹிந்த்' என்னும் பட்டம் சொல்வரலாற்று நோக்கில் சுவையானது. விக்டோரியா அரசி இந்தியப் பேரரசியானதை ஒட்டி ஏற்கப்பட்ட இப்பட்டத்தைப் பரிந்துரைத்தவர் லைட்னர் என்னும் கீழ்த்திசை மொழியறிஞர். 1877ஆம் ஆண்டு தில்லி அவைப் பதக்கத்தில் இது அரபெழுத்திலும் நாகரியிலும் பொறிக்கப்பட்டது. பின்னர் 1909ஆம் ஆண்டின் இந்தியப் பொதுப்பணிப் பதக்கத்தில் அரசர் எட்வர்டின் பெயர் இலத்தீன் வடிவிலும் பட்டம் 'கைஸரே ஹிந்த்' என ரோமன் எழுத்திலும் அடுத்தடுத்து நின்றன. 'கைஸர்' என்பது 'சீசர்' என்னும் உரோமைப் பெயரே. கிரேக்கம், அரபு, பாரசீகம் வழியாகச் சுற்றி வந்து மீண்டும் ஓர் இலத்தீன் பெயருக்கு அருகில் அது அமர்ந்தது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்துப் பிற்பட்ட அச்சுகளில் அப்பட்டம் நீக்கப்பட்டு இலத்தீன் தொடரே இடப்பட்டது.

முதல் உலகப்போரின் வெற்றிப் பதக்கம் மொழித்தேர்வின் பொருளை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. நேச நாடுகள் ஒரே கருத்தமைப்பில் தத்தம் பதக்கங்களை அச்சிட ஒப்புக்கொண்டன. 'நாகரிகத்துக்கான மாபெரும் போர்' என்னும் தொடர் பிரெஞ்சு, இத்தாலியம், உருமேனியம் முதலிய மொழிகளில் அந்தந்த நாட்டுப் பதக்கங்களில் அமைந்தது. பெல்ஜியம் பிரெஞ்சு, டச்சு ஆகிய இரு மொழிகளிலும் பொறித்தது. பிரித்தானியப் பேரரசுக்குள்ளேயே தென்னாப்பிரிக்க ஒன்றியத்துக்கு ஆங்கிலமும் டச்சும் கொண்ட தனிப்பதக்கம் அச்சிடப்பட்டது. ஆகவே இருமொழிப் பதக்கம் இயலாத ஒன்றாக இருக்கவில்லை. போர்வீரரும் பிறபணியாளருமாகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கடந்து அனுப்பிய இந்தியாவின் எந்த மொழியிலும் அத்தொடர் பொறிக்கப்படவில்லை.

3. விளிம்பெழுத்து

1815 வாட்டர்லூ பதக்கம் எல்லாப் பதவியினரின் பெயரையும் விளிம்பில் தாங்கியது. இம்முறை 1840களுக்குப்பின் இந்தியப் படைகளிலும் படிப்படியாகப் பரவியது. முகப்பின் மொழி வீரனை விட்டு விலகிய அதே காலத்தில் விளிம்பு அவனைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியது. படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியன சிறிய எழுத்துகளில் அச்சுக்குத்தியோ செதுக்கியோ பொறிக்கப்பட்டன.

இப்பெயர்களை மீட்டுப் படிப்பது எளிதன்று. முதலாவதாக, இந்தியப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத இரு முறைகள் போட்டியிட்டன. கில்கிறிஸ்ட் வழிவந்த முறையில் உகரத்துக்கு 'ஓ' என்னும் எழுத்து இரட்டிக்கும். ஈகாரத்துக்கு 'ஈ' என்னும் எழுத்து இரட்டிக்கும். அகரத்துக்கு 'யு' என்னும் எழுத்து வரும். வில்லியம் ஜோன்ஸ் வழிவந்து 1871இல் ஹண்டர் ஒழுங்குபடுத்திய முறையில் 'யு' உகரத்தையும் 'ஏ' அகரத்தையும் குறிக்கும். ஒரே எழுத்து ஒரு முறையில் அகரத்தையும் மற்றொன்றில் உகரத்தையும் குறிப்பதால் எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை அறியாமல் பெயரை ஒலிக்க இயலாது.

இம்மாற்றத்துக்குப் பதக்கமே சான்று தருகிறது. 1854ஆம் ஆண்டின் இந்தியப் பொதுப்பணிப் பதக்கம் ஒரே வடிவில் 1895 வரை வழங்கப்பட்டது. ஒவ்வொரு போருக்கும் உரிய இடப்பெயர் நாடாவின்மீதுள்ள வெள்ளிப் பட்டையில் பொறிக்கப்பட்டது. 1871-72 லூஷாய்ப் படையெடுப்புக்கான பட்டையில் 'லூஷாய்' என்பது இரட்டை 'ஓ'வுடன் எழுதப்பட்டது. 1889-92 நடவடிக்கைக்கான பட்டையில் அதே பெயர் 'யு' எழுத்துடன் எழுதப்பட்டது. ஒரே பதக்கத்தின் இரு பட்டைகளில் எழுத்துமுறை மாறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவதாக, தமிழின் ஒலியமைப்பு ரோமன் எழுத்தில் முழுதும் அடங்குவதில்லை. பல்லொலித் தகரமும் நாவளை டகரமும் ஒரே எழுத்தால் குறிக்கப்பட்டன. பழைய முறையில் எழுதிய 'முத்துசாமி' என்னும் பெயரைத் தமிழறியாதவர் 'மூட்டூசாமி' என்றே படிப்பர். தகரத்தை வேறுபடுத்த 'எச்' சேர்த்து எழுதுவது தென்னாட்டு வழக்கம். வடநாட்டு எழுத்தில் அதே இணை மூச்சொலியைக் குறிக்கும். கந்தன், கண்டன் ஆகியவை விளிம்பில் ஒன்றுபோலத் தோன்றலாம். வேலன், பழனி, வள்ளிமுத்து ஆகியவற்றில் உள்ள லகர, ழகர, ளகரங்கள் மூன்றும் ஒரே எழுத்தில் கலந்துவிடும். பழனி மலையின் பெயர் பழைய ஆங்கில ஏடுகளில் 'புல்னி' என்று படிக்கத்தக்கவாறு எழுதப்பட்டிருப்பதில் அகரத்துக்கு 'யு' வந்ததும் ழகரம் லகரமானதும் ஒருங்கே காணப்படும்.

மூன்றாவதாக, தமிழ்ப் பெயர் ஒற்றைப்பெயர். தந்தையின் பெயரோ ஊர்ப்பெயரோ விளிம்பில் இடம்பெறுவதில்லை. ஒரே பிரிவில் ஒரே பெயருடையோர் பலர் இருத்தல் இயல்பு. அவர்களை வேறுபடுத்துவது படை எண் ஒன்றே. ஆதலால் பெயரைவிட எண்ணை முதலில் படிக்க வேண்டும் என்பது பதக்க ஆய்வாளர் கைக்கொள்ளும் முறை. அந்த எண்ணைக் கொண்டு பதக்கப் பட்டியலையும், தந்தை பெயர், ஊர், சாதி, வயது முதலியவற்றைக் குறித்த வீரர் விவரப் பேரேட்டையும் தேட வேண்டும். கம்பெனி காலப் பதக்கப் பட்டியல்கள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. சென்னை அரசின் படைத்துறை ஏடுகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பட்டியலில் உள்ள எழுத்தும் விளிம்பில் உள்ள எழுத்தும் வேறுபடுமாயின், இரு எழுத்தர்களின் செவிகள் ஒரே பெயரைக் கேட்ட விதம் ஆய்வாளர்க்குக் கிடைக்கிறது. மறைந்துபோன பேச்சொலிக்கு இவ்வேறுபாடு ஒரு தடயம் எனலாம்.

பட்டியலுடன் ஒப்பிடாமல் பதக்கத்தின் கூற்றை ஏற்பதும் தவறாகும். 1851இல் வழங்கப்பட்ட 'இந்தியப் படைக்கு' என்னும் பதக்கத்தில் 1799-1826 என்று பொறிக்கப்பட்டுள்ளது. உண்மையில் அது 1803 முதல் நடந்த போர்களுக்கே உரியது. அப்போது உயிருடன் இருந்து விண்ணப்பித்தவர்க்கே அது கிடைத்தமையால் இந்திய வீரர் மிகச் சிலரே அதனைப் பெற்றனர்.

4. வெண்கலமும் தொழிற்பெயர்களும்

விளிம்பில் உள்ள பதவிப்பெயர்கள் தனி ஆய்வுக்கு உரியவை. சிப்பாய், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் ஆகியன பாரசீக, அரபுச் சொற்கள் வழி வந்தவை. 'நாயக்' என்பது வடமொழி 'நாயக'. தென்னகத்தில் படைத்தலைவர்க்கு வழங்கிய பெயர், கம்பெனிப் படையில் சிறு குழுவின் தலைவனைக் குறிக்கும் பதவியாகக் குறுகியது. 'பிரிட்டிஷ் இந்தியா ஆர்டர்' பெற்றோர்க்குச் சர்தார் பகதூர், பகதூர் என்னும் பட்டங்கள் உரியனவாயின. 'பகதூர்' துருக்கிய, மங்கோலிய மொழிகளில் வழங்கிய பழஞ்சொல். பாரசீகம் வழியே இந்தியாவுக்கு வந்து தமிழிலும் ராவ் பகதூர், திவான் பகதூர் என நிலைத்தது.

1885-87 பர்மிய நடவடிக்கைக் காலத்திலிருந்து படையுடன் சென்ற பணியாளர்க்கு வெண்கலப் பதக்கம் வழங்கப்பட்டது. வீரர்க்கு வெள்ளி, பணியாளர்க்கு வெண்கலம் என்னும் பாகுபாடு அதில் உண்டு. டோலி தூக்குவோர், கோவேறு கழுதை ஓட்டுவோர், குதிரை பேணுவோர், சமையற்காரர், தண்ணீர் சுமப்போர் ஆகியோரின் பெயர்கள் அவ்வெண்கல விளிம்புகளில் உள்ளன. வடக்கே தண்ணீர் சுமப்பவர் 'பிஸ்தி'. தென்னகப் படைகளில் 'பக்காலி' என்பதும் வழங்கியது. 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் இருவரின் ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இத்தகைய சொற்களை விளக்குவதால் விளிம்பெழுத்தைப் படிப்போர்க்கு இன்றியமையாத கருவியாகும். போர் வரலாற்று நூல்கள் தளபதிகளின் பெயர்களைக் கூறும்; தண்ணீர் சுமந்தவனின் பெயரைக் கூறுவது வெண்கலப் பதக்கம்.

5. சேகரிப்பும் அழிவும்

இத்தகைய சான்று எளிதில் அழியக்கூடியது. பதக்கத்தின் வெள்ளிக்கு விலை உண்டு. அதிலுள்ள பெயருக்கு விலை இல்லை என்று கருதியவர் பலர். நாடாவும் கொக்கியும் நீக்கி வளையம் பற்றவைத்து அணிகலனாக்கப்பட்ட பதக்கங்கள் கிடைக்கின்றன. 1980ஆம் ஆண்டு சனவரியில் வெள்ளியின் விலை வரலாறு காணாத அளவில் உயர்ந்தபோது முதல் உலகப்போர் வெள்ளிப் பதக்கங்கள் பல உருக்கப்பட்டன.

மற்றோர் அழிவு சேகரிப்போர் சந்தையிலேயே நேர்கிறது. புகழ்பெற்ற போரில் பங்கேற்ற ஒருவரின் பெயர் இருந்தால் பதக்கத்தின் விலை கூடும். அதனால் உண்மையான பெயரை விளிம்பிலிருந்து தேய்த்து அகற்றி வேறு பெயரைப் பொறிப்பவர்கள் உள்ளனர். இதனைக் கண்டறியத் தேர்ந்த சேகரிப்பாளர் விட்டத்தை அளப்பர். போர்ப் பதக்கங்களின் வழக்கமான விட்டம் சுமார் 36 மில்லிமீட்டர். தேய்க்கப்பட்ட விளிம்பில் அது குறையும். எழுத்தின் வடிவமும் அக்காலத்து அக்கசாலை எழுத்துடன் ஒத்திருக்க வேண்டும். இத்துடன் மொழியியல் சோதனையையும் சேர்க்கலாம். 1850களைச் சேர்ந்ததாகக் கூறப்படும் பதக்கத்தில் தென்னாட்டுப் பெயர் இக்கால எழுத்துமுறையில் அமைந்திருந்தால் ஐயுறுவதற்கு இடமுண்டு. எழுத்துமுறையின் காலத்தை அறிந்தவர் போலியை உலோகத்தைத் தொடாமலே ஐயுற முடியும்.

விளிம்பெழுத்தின் மதிப்பை உணர்த்தும் வேறொரு செய்தியும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்கான விண்மீன்களும் பதக்கங்களும் பிரித்தானிய வீரர்க்குப் பெயரின்றியே வழங்கப்பட்டன. இந்தியப் படையினர் பெற்றவற்றில் பெயர் பொறிக்கும் வழக்கம் தொடர்ந்தது. அப்போரில் இத்தாலியின் மிக்னானோ அருகே 1944 பிப்ரவரி 24ஆம் நாள் கண்ணிவெடிமீது தம் உடலைக் கிடத்திப் பிறரைக் காத்து உயிர்நீத்த சுபேதார் சுப்பிரமணியன் சென்னைச் சுரங்கப்படையைச் சேர்ந்தவர். அவருக்கு மறைவுக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. ஆவணங்களில் அவர் பெயர் ஒற்றைப்பெயராகவே உள்ளது. அவர் செயல் எழுதப்பட்டிருப்பதால் நினைவில் நிற்கிறது. அவருடன் பணியாற்றிய பலருக்கு விளிம்பில் உள்ள எண்ணும் பெயருமே எஞ்சிய எழுத்துச் சான்று. அவ்விளிம்பு தேய்க்கப்படும்போது பதக்கம் எஞ்சலாம், மனிதர் மறைந்துவிடுகிறார்.

இந்தியத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் (1972) நூறாண்டைக் கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்கிறது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் போன்றவை பதக்கங்களைக் காட்சிக்கு வைத்துள்ளன. ஆயினும் காட்சிப் பேழையில் பதக்கத்தின் ஒரு பக்கமே தெரியும். விளிம்பைப் படித்து, ஒளிப்படம் எடுத்து, எழுத்துப்பெயர்ப்புடன் அட்டவணைப்படுத்தும் பணியே ஆய்வுக்கு உதவும்.

6. விடுதலைக்குப்பின் பெயரிடலும் தமிழாக்கமும்

இந்திய விடுதலையின் நினைவாக வெளியிடப்பட்ட 1947ஆம் ஆண்டுப் பதக்கத்தில் அசோகச் சக்கரத்தின் மேல் முடியும், சுற்றிலும் ஆறாம் ஜார்ஜின் இலத்தீன் பட்டங்களும் உள்ளன. இரு காலங்கள் ஒரே முகப்பில் சந்தித்தன. 1950 சனவரி 26ஆம் நாள் பரம வீர, மகா வீர, வீர சக்கரங்கள் 1947 ஆகஸ்டு 15 முதல் செல்லுபடியாகுமாறு நிறுவப்பட்டன. பரம வீர சக்கரத்தை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்தியக் குடியான சாவித்திரி கானோல்கர். வெண்கல வட்டத்தில் நடுவே அரசுச் சின்னமும் அதனைச் சூழ இந்திரனின் நான்கு வச்சிரங்களும் அமைந்தன. பின்புறத்தில் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. இடையே இரு தாமரைகள்.

பெயரிடலில் இருவகை காணப்படுகிறது. வீரச் சிறப்புகள் முழுதும் வடமொழித் தொடர்களாயின. சேனா மெடல், ரக்ஷா மெடல், பூர்வி ஸ்டார் முதலியவற்றில் முன்சொல் இந்தியமும் பின்சொல் ஆங்கிலமுமாக நின்றன. எண்ணால் வகுப்புப் பிரித்த முறையும் மாறியது. 1952இல் அசோக சக்கரம் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என நிறுவப்பட்டவை 1967இல் அசோக, கீர்த்தி, சௌரிய சக்கரங்கள் எனப் பெயர் பெற்றன. எண் தாழ்வைக் காட்டும். பெயர் அவ்வாறு காட்டாது என்பது இம்மாற்றத்தின் பயன்.

தமிழ் இதழ்களில் வழங்கும் 'பரம் வீர் சக்ரா' என்னும் வடிவம் ஆராயத்தக்கது. 'பரம்', 'வீர்' ஆகியவற்றில் ஈற்று அகரம் கெட்டது இந்தி ஒலிப்பின் விளைவு. 'சக்ரா' என்பதன் ஈற்று ஆகாரம் இந்தியிலும் இல்லை, வடமொழியிலும் இல்லை. ரோமன் எழுத்தின் ஈற்று 'ஏ'வைப் படித்ததால் வந்தது. ஆகவே இத்தொடர் பாதி இந்தி வழியும் பாதி ஆங்கில வழியும் தமிழுக்கு வந்த கலப்பு வடிவம். 'பரமவீரச் சக்கரம்' என்பது தமிழ் இலக்கணத்துக்கு இயைவது. எனினும் 'அசோகச் சக்கரம்' என்று எழுதினால் தேசியக் கொடியில் உள்ள சக்கரம் என்று மயங்க இடமுண்டு. அவ்விடத்தில் 'அசோகச் சக்கர விருது' என விரித்தெழுதுதல் தெளிவு தரும்.

பொதுச் சொற்களிலும் வரையறை வேண்டும். ஆங்கில வழக்கில் 'ஆர்டர்', 'டெக்கரேஷன்', 'மெடல்' மூன்றும் வெவ்வேறு. தமிழில் மூன்றுக்கும் 'விருது' என்றோ 'பதக்கம்' என்றோ எழுதிவிடுகிறோம். 'பதக்கம்' முதலில் மாலையில் தொங்கும் மணி பதித்த அணியைக் குறித்தது. மார்பில் அணியும் வட்டத்துக்கு அது பொருந்துகிறது. 'விருது' பட்டத்தையும் வெற்றிச் சின்னத்தையும் குறித்த சொல். வீரச்செயலுக்கான சிறப்புக்கு அது ஏற்கும். 'ஆர்டர்' என்பதற்கு 'ஆணை' என்று எழுதுவது பிழை. அரசன் அளிக்கும் மதிப்பையும், ஒழுங்குபட்ட நிரலையும் ஒருங்கே குறிக்கும் 'வரிசை' என்னும் தமிழ்ச்சொல் அதற்கு நேராக அமையும். வேந்தன் அளித்த சிறப்பைத் தொல்காப்பியம் 'மாராயம்' என்கிறது. படைத்தலைவர்க்கு 'ஏனாதி' என்னும் பட்டமும் மோதிரமும் அளித்த மரபும் தமிழில் உண்டு. இச்சொற்கள் இன்றைய பயன்பாட்டுக்கு ஏலாவிடினும் இத்துறைக்குத் தமிழில் சொல்மரபு இல்லை என்னும் கருத்தை மறுப்பதற்குப் போதியன.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. பதக்கத்தின் முகப்பு மொழி அளித்த அரசின் நிலையைக் காட்டுகிறது. அது பெற்றவரின் மொழியாக அமைந்தது அரிது. பெயரில்லாக் காலத்தில் பாரசீகமும், பெயர் பொறித்த காலத்தில் ஆங்கிலமும் இலத்தீனும் ஆண்டன. விளிம்பெழுத்து எழுத்துமுறை மாற்றத்துக்கும் பெயர் ஒலிப்புக்கும் காலம் குறித்த சான்றாகும். அதனைப் படிக்க உலோக அறிவும் ஆவண அறிவும் போதா. ஒலியியல் அறிவும் வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் பெட்டியின் அடியில் கிடக்கும் பதக்கங்கள் இன்னும் பல இருக்கக்கூடும். அவற்றை உடையோர் எடைக்கு விற்பதற்கு முன்னர் விளிம்பில் உள்ள எண்ணையும் பெயரையும் எழுத்துக்கு எழுத்து படியெடுத்து வைத்தால், ஒரு சிப்பாயோ ஒரு டோலி தூக்கியோ தன் ஊரின் வரலாற்றில் மீண்டும் இடம்பெறுவதற்கு அது வழியாகும். 'மூட்டூசாமி' என்று படிக்கப்பட்டவரை மீண்டும் முத்துசாமி என்று அழைப்பது மொழியறிந்தோர் செய்யத்தக்க பணி.